சித்தப்பா பாதி படித்த நாவல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது?

வேலையை விட்டுவிட்டு, சித்தப்பா கூப்பிட்டபடி அவருடைய குடைக் கடைக்கு மேனேஜராக வரட்டுமா என்று கேட்டிருந்தாய். முதலில் நடந்ததைக் கேள். இதற்கெல்லாம் நான்தான் காரணம். நான் வேலை பார்க்கும் நூலகத்தில் வியாபாரத்தைப் பற்றிய பழைய நாவல்கள் பின்கதவுப் பக்கத்து அலமாரியில் தூசி படிந்து கிடக்கின்றன. ஜெயிப்பது எப்படி என்று சொல்லும் புத்தகங்களுக்குத்தான் வரிசை. அந்த வரிசையில் நின்ற சித்தப்பாவைத் தனியே கூப்பிட்டு 'குடைக்காரர் குடும்பம்' என்ற நாவலைக் கொடுத்தேன். கொட்டகையில் குடை தைக்கத் தொடங்கியவர் மூன்று மாடி கட்டுகிற கதை. அந்த மூன்று மாடியின் திறப்பு விழாவோடு புத்தகத்தை மூடிவிட்டார் உன் சித்தப்பா. மறுவாரமே கடை பிடித்தார், சுழல் நாற்காலி வாங்கினார், நிறுவனர் என்று அச்சடித்த அட்டையை எனக்கே நீட்டினார். மீதியையும் படியுங்கள் என்றேன், நேரமில்லை அண்ணி என்றார்.

கடையில் ஒரு குடையும் விற்காததால் மூன்றே மாதத்தில் நேரம் நிறையக் கிடைத்தது. இரண்டாம் பாதியில் அந்த முதலாளி மனைவி சொல்வதைக் காதில் வாங்காமலே ஒவ்வொரு மாடியாக இழக்கிறார். இவர் படித்த கையோடு வீட்டுக்குப் போய், கல்யாணமாகி இருபத்துநாலு வருஷத்தில் முதல்முறையாக, நீ என்ன நினைக்கிறாய் என்று சித்தியைக் கேட்டாராம். சித்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "வர்றவங்க எல்லாம் உடைஞ்ச குடையோட வர்றாங்க. நீங்க புதுசை நீட்டித் துரத்திவிடுறீங்க" என்றாளாம். இப்போது சித்தி அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து உடைந்த குடைகளைப் பழுது பார்க்க வாங்கிப் போடுகிறாள், நிறுவனர் பக்கத்தில் ஸ்டூலில் கம்பி நிமிர்த்துகிறார், கடையில் நிற்க இடமில்லை. மேனேஜர் வேலை காலியில்லை என்று உன்னிடம் சொல்லக் கூச்சமாம், என்னை எழுதச் சொன்னார்.

ஆனால் உனக்கு ஆபீஸ் கசந்துவிட்டது என்பது உன் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. இரண்டு நாவல்கள் அனுப்பியிருக்கிறேன். 'இரண்டாம் தளத்து மேஜை'யில், காப்பீட்டுக் கம்பெனியில் முப்பது வருஷம் உறை ஒட்டுகிற ஒருத்தி தன் ராஜினாமாவை மட்டும் ஒட்டாமலே வைத்திருக்கிறாள். 'ஏலக்காரி' மீன் சந்தைக் கதை, சிரித்து வயிறு வலிக்கும், கடைசியில் கொஞ்சம் அழுவாய். தேதிக்குள் திருப்பி அனுப்பு, அம்மா என்பதற்காக நூலகம் அபராதத்தை விடாது. இரண்டையும் முழுக்கப் படி. அதற்குப் பிறகும் விட வேண்டும் என்று தோன்றினால் யாரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே, கிளம்பி வா. உன் அறையில் அப்பா அடைத்து வைத்திருந்த பழைய பத்திரிகைகளை நேற்றே வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன்.

மனசு நிறைந்து நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா