ஏற்றிய பாரத்தோடு ஒருமுறை அளக்க வேண்டி

அனுப்புநர்:
கால்நடை மருத்துவர்,
ஆற்றின் இரு கரையிலும் "மாட்டு டாக்டரம்மா" என்று கேட்டால் வழி சொல்வார்கள்.

பெறுநர்:
உயர்திரு தலைமை வாகனத் தகுதி அலுவலர் அவர்கள்,
வாகனத் தகுதி அலுவலகம், மாடி அறை.

பொருள்: உயர்த்தி மாற்றியமைக்கப்பட்ட எங்கள் ஃபோர் வீல் டிரைவ் டிரக்குக்குச் சாலைத் தகுதி மறுக்கப்பட்டது – வெறும் வண்டியாக அளந்ததால் நேர்ந்த பிழை – கருவிகளை ஏற்றிய நிலையில் மறுபடி அளக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் ஆய்வாளர் நேற்று வழங்கிய தகுதி மறுப்பு ஆணை.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. புகார் மனு என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இன்று காலை முதல் எனக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. அதன் சாயல் இம்மனுவில் ஆங்காங்கே தென்பட்டால் பொறுத்தருளக் கோருகிறேன்.

2. எங்கள் டிரக் ஒரு நடமாடும் கால்நடை மருத்துவமனை. எக்ஸ்ரே பெட்டி, மருந்துக் குளிர்பெட்டி, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, விழுந்த மாட்டைப் பட்டை கட்டி எழுப்பும் இரும்புக் கை ஆகியவை அதன் முதுகில் இருக்கும். இவற்றில் எந்த ஒன்றையும் இறக்கிவிட்டு நாங்கள் வேலைக்குப் போவதில்லை. போனால் நான் பையும் கையுமாக நின்று மாட்டுக்கு ஆறுதல் மட்டுமே சொல்ல முடியும்.

3. வண்டியை உயர்த்தியது பந்தாவுக்கு அல்ல. எங்கள் வைத்தியத்தில் பாதி ஆற்றுக்கு அக்கரையில் நடக்கிறது. பாலம் கிடையாது, ஆற்றுக்குள்ளேயே இறங்கி ஏறும் தரைப்பாதைதான். மழை பிடித்தால் தண்ணீர் கதவு வரை ஏறும். முன்பு இருந்த தாழ்ந்த வண்டி நடு ஆற்றில் தண்ணீர் குடித்து நின்றுவிட்டது. உள்ளே கால் ஒடிந்த ஓர் ஆடும் நானும். ஆட்டை வண்டிக் கூரையில் ஏற்றி, அதன் மேல் நான் பாதி கவிழ்ந்து படுத்திருந்த காட்சியைக் கரையில் நின்றவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதன் பிறகுதான் என் கணவர் பெரிய டயர்களும், பாரம் தாங்கும் தடித்த ஸ்பிரிங்குகளும் போட்டு இந்த வண்டியை உருவாக்கினார். அவரை வண்டிப் பைத்தியம் என்று எல்லோரும் சொல்வார்கள். மனைவி என்ற முறையில் நான் மறுப்பதற்கில்லை.

4. நடந்த பிழை தங்கள் அலுவலகத்துடையது அல்ல, எங்களுடையது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். தகுதிச் சோதனைக்குப் புறப்படுவதற்கு முன்பு என் கணவர் வண்டியில் இருந்த அத்தனையையும் இறக்கி, இரும்புக் கையையும் கழற்றி, வண்டியைத் தேய்த்துக் குளிப்பாட்டினார். ஏன் என்று கேட்டேன். "பெரிய ஆபீசுக்குப் போறோம், சந்தைக்குப் போற மாதிரி மூட்டை முடிச்சோடவா போறது?" என்றார். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டையே ஒழித்துப் போட்டுவிடும் மனிதர் அவர். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. இருவருக்கும் சேர்ந்து ஒரே நேரத்தில் புத்தி மழுங்கியது.

5. பாரம் தாங்குவதற்கென்று போட்ட ஸ்பிரிங், பாரம் இல்லாவிட்டால் என்ன செய்யும்? துள்ளிக்கொண்டு மேலே நிற்கும். நின்றது. ஆய்வாளர் பின்புறத் தடுப்புக் கம்பியை டேப் வைத்து அளந்தார். அனுமதித்த உயரத்துக்கும் மேலே இருந்தது. "மேடம், வண்டி அருமையா இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா பின்னாடி வர்ற சின்ன கார் பிரேக் பிடிக்கலேன்னா நேரா அடியில பூந்துரும். உள்ள இருக்கறவங்க தலை என்ன ஆகும்?" என்று கேட்டார். இப்போதும் அந்த விதி சரியான விதி என்றே சொல்கிறேன். மாட்டைக் காப்பாற்றப் போகிற வழியில் மனிதரை நசுக்க எனக்கு உரிமை இல்லை.

6. பெரிய டயர் போட்டதால் வேகம் காட்டும் முள் உண்மையைவிடக் குறைத்துக் காட்டுகிறது என்பதையும் அவரே கண்டுபிடித்தார். இதைக் கேட்ட என் கணவரின் முகம் சுண்டிவிட்டது. நேற்று மாலையே அதைச் சரிசெய்துவிட்டார். இத்தனை நாள் "நான் மெதுவாத்தான் ஓட்டறேன், முள்ளைப் பாரு" என்று என்னிடம் அவர் அடித்த வாதம் அத்தனையும் இதனால் தள்ளுபடி ஆகிறது. இது இம்மனுவுக்குத் தொடர்பில்லாதது எனினும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

7. மறுப்பு ஆணையின்படி வண்டி தன் சக்கரத்தில் சாலையில் ஓடக்கூடாது. பழைய ஸ்பிரிங்கைப் போட்டு, பழைய உயரத்துக்கு இறக்கிய பிறகே மறுசோதனை. ஆகவே, வாசலை அடைத்து நின்ற வண்டியை முற்றத்தின் மூலைக்குத் தள்ளச் சொன்னார்கள். காவலாளியும் கை கொடுக்க, தள்ளினோம். வண்டி நகர்ந்ததும் அதன் பின்னால் சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை தெரிந்தது. "வேலைக்கான கருவிகள் பொருத்திய வாகனங்களை, அக்கருவிகளுடனேயே சோதனைக்குக் கொண்டுவரவும்." ஐயா, எங்கள் வண்டியின் உயரமே அந்தப் பலகையை எங்கள் கண்ணிலிருந்து மறைத்திருக்கிறது! வீட்டில் இறக்கி வைத்த கருவிகளைப் பற்றி நாங்கள் ஆய்வாளரிடம் சொல்லவும் இல்லை. காவலாளி மட்டும், "நான் தினமும் பாக்கற பலகைதாங்க, நீங்க படிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

8. இன்று காலை பக்கத்து மரக்கடையின் குட்டி லாரியை இரவல் வாங்கி, இறக்கிய சாமான்கள் அனைத்தையும் கொண்டுவந்து, தங்கள் முற்றத்திலேயே வண்டியில் ஏற்றினோம். இரும்புக் கையைப் பொருத்தி முடுக்கினோம். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினோம். தொட்டி நிரம்ப நிரம்ப வண்டியின் பின்புறம், பெருமூச்சு விட்டு உட்காருகிற ஆளைப் போல, மெல்லத் தாழ்ந்தது. என் கணவர் டேப் பிடித்தார். கம்பி, அனுமதித்த உயரத்துக்கு மூன்று விரற்கடை கீழே இருந்தது! அவர் நம்பாமல் மறுபடி அளந்தார். நான் பிடுங்கி அளந்தேன். காவலாளியும் அளந்தார். மூன்று விரற்கடை! நான் கத்தியேவிட்டேன். தங்கள் அலுவலக ஜன்னல்களில் வரிசையாகத் தலைகள் முளைத்தன. அந்தக் கூச்சலுக்காக இம்மனுவின் வாயிலாக மன்னிப்புக் கோருகிறேன்.

9. பின்புறம் தாழ்ந்தால் முன்புறம் சற்றே தூக்கும், முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் குத்தும் என்று தாங்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டும். விளக்கின் ஒளியைத் தாழ்த்தித் திருப்பியுள்ளோம். அதையும் சோதிக்க வேண்டுகிறேன். எதையும் மறைத்துத் தகுதி வாங்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. தொட்டியில் எந்நேரமும் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும், கருவிகளைக் கழற்றி ஓட்டக்கூடாது என்று சான்றிலேயே நிபந்தனை எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

10. ஆய்வாளரை அழைத்துக் காட்டினோம். அவர் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்தது. ஆனால், "நான் எழுதினதை நானே அடிக்க முடியாது மேடம். மாடியில ஐயாதான் பாக்கணும்" என்றார். எழுத்தரோ, "மனு குடுங்க, வரிசையில மேல போகும்" என்றார். எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டதற்கு மழைக்காலம் முடிவதற்குள் என்றார். எங்களுக்கு வண்டி தேவைப்படுவதே மழைக்காலத்தில்தான்.

11. அவசரத்தின் காரணம் இது. அக்கரையில் ஒரு தையல்காரரின் பசு வாயும் வயிறுமாக நிற்கிறது. அந்த வீட்டில் தையல் மெஷினுக்கு அடுத்தபடி சோறு போடுவது அதுதான். சென்ற முறை கன்று ஈன்றதும் இடுப்பு விழுந்து படுத்துவிட்டது. ஊரில் உள்ள ஆண்கள் எல்லாம் கூடித் தூக்கியும் எழவில்லை. எங்கள் இரும்புக் கைதான் பட்டை கட்டி அதை நிறுத்தியது. நின்றதும் தையல்காரர் பசுவைக் கட்டிக்கொண்டு அழுதார். இம்முறையும் படுக்கும் என்பது என் கணிப்பு. படுத்த மாட்டை விரைவில் எழுப்பாவிட்டால் பிறகு எழாது. மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது.

12. ஆகவே, தாங்கள் இவ்வாரத்திற்குள் ஒரு நாள் குறித்து

ஐயா, மேற்கண்ட வரியை எழுதும்போதே கைபேசி அடித்தது. தையல்காரர்தான். "டாக்டரம்மா, கன்னு போட்டுருச்சு, கெடேரி, பொட்டக் கன்னு. நல்லா இருக்கு. ஆனா தாய் படுத்துருச்சும்மா. கன்னு முகத்த நக்கறதுக்குக்கூட எந்திரிக்க மாட்டேங்குது. மழை வேற தூற ஆரம்பிச்சிருச்சு. வண்டியக் கொண்டாந்துருவீங்கல்ல?" என்று கேட்டார். கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டேன். எந்த அதிகாரத்தில் சொன்னேன் என்று தாங்கள் கேட்டால், தாங்கள் இனித் தரப்போகும் அதிகாரத்தில்தான்.

எனவே இந்த வாரம், நாள் குறித்தல், வரிசை ஆகிய சொற்களை எல்லாம் திரும்பப் பெறுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றே. இதைப் படித்து முடித்ததும் தாங்கள் மாடியிலிருந்து இறங்கி வர வேண்டும். எங்கள் டேப்பில் நம்பிக்கை இல்லையென்றால் தங்கள் டேப்பையே கொண்டு வாருங்கள். கம்பி ஒரு நூல் மேலே இருந்தாலும் வாய் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரை வரை பேருந்தில் போய், எப்படியாவது அக்கரை சேர்கிறேன், என்னால் ஆனதைக் கையால் செய்து பார்க்கிறேன். கீழே இருந்தால் அந்த இடத்திலேயே ஆணையில் கையொப்பமிட்டு வாயிற்கதவைத் திறக்கச் சொல்லுங்கள். என் கணவர் ஏற்கெனவே ஓட்டுநர் இருக்கையில் ஏறிவிட்டார். எஞ்சினை இன்னும் தொடவில்லை. தங்கள் உத்தரவு வரும் வரை தொடமாட்டார்.

தங்கள் காலடி ஓசைக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
மாட்டு டாக்டரம்மா

நாள்: இன்று, மழை இக்கரைக்கு வருமுன்.
இடம்: தங்கள் மாடிப்படியின் கடைசிப் படி.