மீனுக்குப் பக்கத்தில் வைத்த கிருமிகள்

ஸ்காபறோ,
வைகாசிக் கடைசி.

அன்புள்ள மகள் ஷாமிலாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நாங்கள் சுகம், கூரையும் ஒழுகவில்லை, நீயும் சஸ்கட்டூன் காற்றில் காதை மூடிக்கொண்டு நலமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் முக்கியமான செய்தி. பயற்றம் விதைக்குப் பூசச் சொல்லி நீ அனுப்பிய கிருமித்தூளைக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில், தயிருக்கும் மீனுக்கும் இடையில் வைப்பது என்று நெடிய விவாதத்தின் பின் சித்திரையில் தீர்மானிக்கப்பட்டது. ஆஸ்பத்திரியில் கிருமி கொல்வதையே தொழிலாகக் கொண்ட உன் அம்மா, கிருமியை மீனோடை படுக்கவைக்கிற வீடு உலகத்திலை இதொண்டுதான் என்றாள். தயிரும் கிருமிதான் என்றேன். அன்றிலிருந்து அவள் தயிரைத் தொடவில்லை.

நீ மருத்துவப் படிப்பை விட்டு மண்ணைப் படிக்கப் போன நாளிலிருந்து அவள் உன் தொலைபேசி அழைப்புக்கும் வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். நான் கொல்லுற சாமானை என்ரை பிள்ளை வளர்க்கிறாள் என்று சாமான் கடையிலும் சொல்லிவிட்டாள். அதனால் உன் பயற்றம் விதைகளைத் தனியாகவே கஞ்சித் தண்ணீரில் நனைத்து, தூளில் புரட்டி, நிழலில் உலர்த்தி ஒரு தட்டில் ஊன்றினேன். பக்கத்துத் தட்டில் தூள் இல்லாத விதைகள். இரண்டுக்கும் ஒரே மண், ஒரே யன்னல். நேற்றுத் தோட்டத்துக்கு மாற்றும்போது தூள் போட்ட தட்டு கரும்பச்சை, மற்றது காய்ச்சல்காரன் போல வெளிறியிருந்தது. மேற்பார்வைக்குக் கையுறையோடு வந்த அம்மா, பச்சைக் கன்றின் வேரில் மணிமணியாய் முடிச்சுகளைக் கண்டு, இஞ்சேருங்கோ, இது வருத்தம் பிடிச்சது, எறியுங்கோ என்றாள். நான் ஒரு முடிச்சை நகத்தால் பிளந்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. அவள் கையுறையைக் கழற்றிவிட்டுத் தானே இன்னொன்றைப் பிளந்தாள். ரத்தம் மாதிரியெல்லோ கிடக்கு என்றாள், மிக மெதுவாக.

பிள்ளை, இந்த வயதுவரை காற்றிலுள்ள நைதரசனை மூச்சோடு இழுத்து இழுத்து வெளியே விட்டதைத் தவிர நான் அதைக்கொண்டு ஒன்றும் செய்யவில்லை. அதை உரமாக்கப் பெரிய ஆலைகள் நெருப்பும் அழுத்தமும் வைத்துச் செய்கிற வேலையை, கண்ணுக்குத் தெரியாத ஒன்று வேருக்குள் சத்தமில்லாமல் செய்கிறது. விளக்கிச் சொன்னேன். அப்ப கீழை பேஸ்மென்ற்றிலை இருக்கிறவர் மேல்வீட்டுக்குச் சமைச்சுக் குடுக்கிறாரோ என்று கேட்டாள். ஓம், மேல்வீடு அவருக்குச் சீனி குடுக்குது என்றேன். கனநேரம் வேரையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். பிறகு, இதையோ அவள் படிக்கிறாள், ஏன் ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை என்று என்னிடம் கோபித்தாள். சொல்ல வந்தவர்களை யார் நிறுத்தியது என்று நான் கேட்கவில்லை. எனக்கும் இரவுச் சாப்பாடு தேவை.

நேரத்துக்குச் சாப்பிடு, சப்பாத்துக்குள் ஈரக் காலுறை போடாதே. மாதா உன்னைக் காப்பாராக. ஞாயிறு பூசை முடிந்ததும் வழமைபோல் என் கைத்தொலைபேசிக்கு எடு.

அன்புடன்,
அப்பா வின்சன்ற்

பி.கு: என் கைத்தொலைபேசி காலையிலிருந்து அம்மாவின் கைப்பையில் இருக்கிறது.