நாம் பாதியாக வெட்டாத புழு

இன்று உன் அலமாரியைத் திறந்தேன். ஃபார்மலின் நெடி குப்பென்று அடித்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால், "இன்னாடி, அழுவுறியா? எனக்கா, ஃபார்மலினுக்கா?" என்று கேட்டிருப்பாய். இரண்டுக்கும்தான், போ.

பட்டினப்பாக்கத்திலிருந்து நீ ஸ்கூட்டியில் அடையாறு ஆய்வகத்துக்கு வந்து இறங்கியதுமே உனக்கும் எனக்கும் சண்டை தொடங்கிவிடும். கடலடிச் சேற்றைச் சலித்தெடுத்த புழுக்களில் யாருக்கு எது என்பதுதான் வழக்கு. உனக்கு உருவம் வேண்டும். தாடையும் முடியும் கலையாமலிருக்க ஃபார்மலினில் போடுவாய். அதில் போட்டால் மரபணு பாழ். எனக்கு வேண்டியதோ மரபணு. ஆல்கஹாலில் போட்டு வைத்து, பிறகு முழுசாக அரைத்துவிடுவேன்.

"உன் புழுவுக்கு மூஞ்சியே இல்லியேடி, எதப் பாத்து பேர் வெக்கிறது?" என்பாய்.

"உன்னுது வெறும் பொம்மைடி" என்பேன் நான்.

அப்புறம் டீக்கடையில் ஒரே பஜ்ஜியை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்போம். பஜ்ஜியைப் பிய்க்கத் தெரிந்த நமக்கு, ஒரு புழுவை வெட்டி, தலை உனக்கு, வால் எனக்கு என்று பங்கு போடத் தோன்றவே இல்லை. எவ்வளவு படித்து என்ன!

வங்கக் கடலின் ஆழத்தில், ஆக்ஸிஜன் அநேகமாக இல்லாத சேற்றிலிருந்து இரண்டே புழுக்கள் வந்தன. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். என்னுடையதன் மரபணு உலகில் பதிவான எதோடும் பொருந்தவில்லை. நீ நுண்ணோக்கியிலிருந்து தலை தூக்காமலே, "இந்த மாரிப் பல்லு நான் பாத்ததே இல்லடி. நம்ம கடலுக்கே சொந்தமானதா கீதோ இன்னாவோ" என்றாய். இரண்டும் ஒரே இனமா? திங்கட்கிழமை உட்கார்ந்து பார்க்கலாம் என்றாய். ஞாயிற்றுக்கிழமை உன் நெஞ்சு நின்றுபோனது.

அந்தக் கேள்வி அப்படியே கிடக்கிறது. பெயரில்லாத உயிரை எங்கே போய்த் தேடுவது, அது குறைகிறதா பெருகுகிறதா என்று எப்படிச் சொல்வது? ஆழத்தில் அழிந்தேபோனாலும் நமக்குத் தெரியாது.

போன மாதம் அதே சேற்றிலிருந்து ஒரு புழு வந்தது. இரண்டாக வெட்டினேன். வாலின் மரபணு என் பழைய புழுவோடு அச்சாகப் பொருந்திவிட்டது. தலையை உன் புழு கிடக்கும் புட்டிக்குப் பக்கத்தில் வைத்து நாள் முழுக்கப் பார்த்தேன். பல் தெரிகிறது. அது உன் புழுவின் பல்தானா என்று சொல்ல எனக்குக் கண் போதவில்லையடி. எனக்குக் கோபம்கூட வந்தது, உன்மேல்.

இப்போதெல்லாம் எந்தப் புழு வந்தாலும் இரண்டாகத்தான் வெட்டுகிறேன். வெட்டியதும் தலையை எடுத்து, பழக்கத்தில், உன் மேசைப் பக்கம் நீட்டுகிறேன்.