ஸ்பீக்கர் வேண்டாம்

டிசம்பர், ஞாயிறு இரவு

காலைப் பூசையில் பாடகர் குழுவில் நான்கே பேர் நின்றோம். மாதா கோயிலில் பாதி பெஞ்சுகள் காலி. பூசை முடிந்ததும் ஃபாதர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டுக்கலாம்மா." பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு.

ஸ்ரீரங்கத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தால், கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத என் கணவர் அருள் பால்கனியில் ஸ்டார் கட்டிக்கொண்டிருக்கிறார்.

"மாமி, தெருவுலேர்ந்து தெரியுதா?"

கீழ்வீட்டு மாமி அண்ணாந்து பார்த்தார். "நன்னாத் தெரியறது. ஆனா கோவிலுக்கு அவ மட்டும்தானே போறா?"

"ஸ்டார் என் வேலை, பூசை அவ வேலை மாமி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்பீக்கர் விஷயத்தைச் சொன்னேன். உடனே ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டார்.

"ஸ்பீக்கர்லயா? அப்புறம் நாம என்ன கிறிஸ்டியன்?"

சாயங்காலத்துக்குள், அவரைப் போலவே கோயிலை மறந்த சித்தப்பா பிள்ளைகள் ஐந்து பேரைப் போன் போட்டுப் பாட வரவழைத்துவிட்டார். சின்ன வயதில் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு என்பதால் வரிகள் ஒருவருக்கும் மறக்கவில்லை. சுருதிதான் ஆளுக்கொரு பக்கம் போனது. பொறுக்க முடியாமல் மாமியே மேலே வந்து, தன் போனில் சுருதியை வைத்து, "இதோட சேந்து பாடுங்கோ" என்று அதட்டினார். கடைசியில் சேர்ந்தே விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்பீக்கர் வேண்டாம் என்று ஃபாதரிடம் போனில் சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ் முடிந்த பிறகும் இவர்கள் வருவார்களா... அதை இப்போது யோசிக்கப் போவதில்லை.

படுக்கப் போகும்போது அருள் மெதுவாகக் கேட்டார்: "ஆமா, நம்ம கோயில்ல பூசை எத்தனை மணிக்கு?"