சஹனில் ஆறாவது ஆள்

அனுப்புநர்:
மு. இ. லாபிர்,
லாபிர் சாப்பாட்டுக் கடை,
பிரதான வீதி,
மாத்தளை.

பெறுநர்:
ஆணையாளர் அவர்கள்,
பட்டியலிடப்பட்ட முதலீட்டு நிதியங்களின் மேற்பார்வைப் பணியகம்,
கொழும்பு.

விடயம்: சுதுகங்கை முதலீட்டு நிதியம் என்னை 'உள்ளக நபர்' எனப் பதிந்து, ஒன்பது கடைக்காரரின் வாக்கை இல்லாமல் செய்தமை.

கனம் ஐயா,

1. நான் மேற்படி முகவரியில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். கல்யாண வீடுகளுக்கும் இறந்தவர்களுக்காக ஓதும் கத்தம் வீடுகளுக்கும் சமைத்துக் கொடுப்பதும் உண்டு. என் கடையும் அதே வரிசையிலுள்ள இன்னும் எட்டுக் கடைகளும் மேற்படி நிதியத்துக்குச் சொந்தமான ஒரே கட்டிடத்தில் இருக்கின்றன. இந்தக் கட்டிடத்தையும் நாலந்தாவில் ஒரு சாதிக்காய்த் தோட்டத்தையும் தவிர நிதியத்துக்கு வேறு சொத்து இல்லை. அதன் அலகுகளை, பங்குகளைப் போலவே, பங்குச் சந்தையில் யாரும் வாங்கலாம், விற்கலாம்.

2. நிதியம் பங்குச் சந்தைக்கு வந்தபோது, பொதுமக்கள் கையிலும் ஒரு பகுதி இருக்க வேண்டும் என்பது விதி என்று சொல்லி எங்களை வாங்க வைத்தவர்கள் நிதியத்தார்தான். தன் கடையைத் தானே எவனும் இடிக்க மாட்டான் என்று நினைத்து நாங்களும் வாங்கினோம். ஒன்பது பேரும் தனித்தனியே கணக்குத் திறக்கக் கொழும்புக்கு அலைய வேண்டாம் என்று எல்லாவற்றையும் என் பெயரிலேயே எடுத்தோம். பக்கத்து ஸ்டூடியோ ஒஸ்வல்ட் மட்டும், "எல்லாம் ஒங்க பேர்ல கெடந்தா, ஒங்களுக்கு ஒண்ணுன்னா எங்க எல்லாருக்கும்தானே" என்றார். நான் சிரித்துவிட்டு அவருக்கு ஒரு பிளேன்டீ போடச் சொன்னேன். இப்போது அவர் தன் பிளேன்டீக்குக் காசை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். நாலு வார்த்தை ஏசினாலும் எனக்குத் தேவலாம்.

3. ஆண்டறிக்கையின்படி, நூறில் நாற்பத்தாறு பங்கு பணிப்பாளர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களுமான உள்ளக நபர்களிடம் இருக்கிறது. முப்பத்தொரு பங்கு மூன்று நிறுவனங்களிடம். பதினான்கு பங்கு என் பெயரில், அதாவது ஒன்பது கடைகளுக்கும் சேர்த்து. மிச்சமுள்ள ஒன்பது பங்கு கலேவெல, தம்புள்ளைப் பக்கத்துச் சின்ன ஆட்களிடம். இப்போது நிதியத்தைச் சந்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, எங்கள் கட்டிடத்தை இடித்து ஹோட்டல் கட்டப்போகிறார்கள். அதற்கு வெளியாரின் வாக்கில் நான்கில் மூன்று பங்கு கிடைக்க வேண்டும். உள்ளக நபர்களுக்கு இதில் வாக்கு இல்லை. சின்ன ஆட்களைக் காப்பாற்றவே இந்த விதி என்று அறிகிறேன். நல்ல விதி. நாங்கள் வெளியாராக இருக்கும்வரை அந்த மூன்று நிறுவனங்களும் ஒன்றாகக் கை தூக்கினாலும் அவர்களுக்கு வாக்குக் காணாது. நாங்கள் உள்ளே போய்விட்டால் தாராளமாகக் காணும்.

4. நாங்கள் உள்ளே போன விதம் பின்வருமாறு. கடந்த நவம்பரில் பணிப்பாளர் சபை எங்கள் கட்டிடத்தின் மேல்மாடி மண்டபத்தில் கூடியது. பகல் சாப்பாடு என் பொறுப்பு. ஊர் முறைப்படி சஹன் வேண்டும் என்று தவிசாளர் அவர்களே விரும்பிக் கேட்டார். சஹன் என்பது ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே பெரிய தட்டில் கையால் சாப்பிடும் சாப்பாடு. இறைச்சியும் முட்டையும் ஆறு பேருக்கென்றே வைக்கப்படும். வந்த பணிப்பாளர்கள் ஐந்து பேர். செயலாளர் செல்வி ஷெரோமிக்கு இறைச்சி ஆகாது என்பதால் அவர் தனியாகப் பருப்பும் சோறும் சாப்பிட்டார். ஆள் குறைந்தால் வீட்டுக்காரரில் ஒருவர் உட்கார்ந்து சஹனை நிரப்புவது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் விருந்தாளியை அரைகுறையாக உபசரித்த மாதிரி ஆகிவிடும். என் மனைவி மஸீஹா படிக்கட்டில் நின்று, "ஒரு ஆள் கொறயுதுங்க. ஏப்ரனக் கழட்டிட்டு நீங்களே குந்துங்க" என்றார். நான் ஏப்ரனைக் கழற்றி, கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

5. நான் சாப்பிட்டதை மறுக்கவில்லை. நன்றாகவே சாப்பிட்டேன். அந்த வேளையில் என் காதில் விழுந்தவற்றை ஒளிக்காமல் எழுதுகிறேன். ஆடு கலேவெல ஆடா என்று தவிசாளர் கேட்டார், ஆம் என்றேன். புதினா அரைத்த மின்சிச் சம்பல் உறைப்பு என்று ஒருவர் சொன்னார். சாயங்காலம் சீகிரியா ஏறலாமா, முழங்கால் இடம் தருமா என்று இருவர் பேசிக்கொண்டார்கள். நிதியத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த உள்ளகத் தகவல் இவ்வளவே. கட்டிடத்தை இடிப்பது பற்றிக் காலையில் பேசியிருக்கிறார்கள். அந்த நேரம் நான் கீழே வெங்காயம் பொரித்துக்கொண்டிருந்தேன்.

6. கடந்த ஏப்ரலில் எனக்கு ஓர் அறிவித்தல் வந்தது. பகல் சாப்பாட்டையும் சேர்த்தே கூட்டம் எனக் கொள்ளப்பட்டதாம். தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்ததால் சமுகமளித்தவர்கள் ஆறு பேர் எனப் பதியப்பட்டதாம். ஆகவே நான் இரகசியம் அறிந்த உள்ளக நபராம். என் பெயரிலுள்ள அலகுகளை விற்கவும் முடியாது, அவற்றுக்காக வாக்களிக்கவும் முடியாது. செல்வி ஷெரோமி மேல் எனக்கு வருத்தம் இல்லை. கண்ட தலைகளை எண்ணி எழுதினார். பிழை என்று நான் சொன்னபோது திருத்தவும் ஆயத்தமாகத்தான் இருந்தார். சபையார் ஒத்துக்கொண்ட குறிப்பில் இனிக் கை வைக்கக் கூடாது என்று தவிசாளர் அவரைத் தடுத்துவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சோற்றைப் பிசைந்த மனிதர் அவர்.

7. அந்த மூன்று நிறுவனங்களைப் பற்றியும் தாங்கள் அறிய வேண்டும். அவை பணிப்பாளர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத வெளியார் என்று ஆண்டறிக்கை சொல்கிறது. கடந்த நோன்புப் பெருநாளைக்கு நிதியத்தின் அன்பளிப்பாக அந்த மூன்றுக்கும் ஒவ்வொரு தட்டு இனிப்பு வட்டிலப்பம் அனுப்பும்படி தவிசாளர் என்னிடம் ஓடர் தந்தார். என் வேன் சாரதி பவாஸ் கொழும்புக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "மூணு அட்ரஸும் ஒரே கேட்டுதான் முதலாளி. ஒரே அம்மாதான் மூணையும் வாங்கினாங்க. ரெண்டை ஃப்ரிஜ்ஜுல வைக்கச் சொல்லிட்டாங்க. தவிசாளர் ஐயா சாரத்தோட வந்து மத்தத மூடியத் தொறந்து பாத்தாரு." பெருநாள் வேலையில் அப்போது நான் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஏப்ரல் அறிவித்தலைப் படித்த பிறகுதான் உறைத்தது. ஒரு தட்டில் ஒரு நேரம் சாப்பிட்டதால் நான் உள்ளாள் என்றால், ஒரே குளிர்சாதனப் பெட்டியில் சாப்பாடு வைக்கும் மூன்று நிறுவனங்கள் எப்படி வெளியார் ஆயின என்பதைத் தாங்கள்தான் எனக்கு விளக்க வேண்டும்.

8. நான் உள்ளாள் என்பதே தங்கள் முடிவானால் அதையும் ஏற்கிறேன். ஆனால் என் கடை இடிபடப் போவதை இந்த உள்ளாளாகிய நான் பத்திரிகை விளம்பரத்தில்தான் படித்தேன், அதுவும் வடை சுற்றி வந்த தாளில். பக்கத்துத் தையல் கடை ஜஸ்லாவிடம் அதை வாசித்துக் காட்டியபோது அவர் மெஷினை நிறுத்தவில்லை. "எங்களுக்கு நீங்க இருக்கீங்கதானே, நானா" என்றார், சொந்த அண்ணனிடம் சொல்வதுபோல. என்னிடம் வாக்கு இல்லை என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

9. ஆகவே, என்னை உள்ளக நபர் பதிவிலிருந்து நீக்கி ஒன்பது கடைகளின் வாக்கையும் திருப்பித் தரும்படியும், மூன்று நிறுவனங்களின் உண்மையான உரிமையாளர் யார் என்று விசாரிக்கும்படியும், அதுவரை வாக்கெடுப்புக்கான விசேட கூட்டத்தை ஒத்திவைக்கும்படியும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு வரும் உத்தியோகத்தர்களின் சாப்பாடு என் செலவு என்று எழுத நினைத்தேன். பின்னால் அவர்களையும் உள்ளக நபர்கள் எனப் பதிந்துவிடக் கூடும் என்பதால் எழுதவில்லை.

10. விசேட கூட்டம் இம்மாதம் 23ஆம் திகதி அதே மேல்மாடி மண்டபத்தில் நடக்கிறது. சாப்பாட்டுக்கு இம்முறையும் எனக்கே ஓடர் தந்திருக்கிறார்கள். நான்கு சஹன். வருபவர்கள் இருபத்து மூன்று பேர் என்று அறிவித்திருக்கிறார்கள். சமைப்பேன், குறை வைக்க மாட்டேன். நான்காவது சஹனில் ஓர் ஆள் குறையும். மஸீஹா படிக்கட்டில் நின்று என்னைக் கூப்பிடுவார். இத்தனை வருடத்தில் என் கையால் போன எந்தச் சஹனிலும் ஓர் இடம் காலியாக இருந்தது கிடையாது. அதற்கு முன் தங்கள் பதில் வந்தால், மேலே போய் ஒன்பது கடைகளின் வாக்கையும் போட்டுவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். வராவிட்டால், அந்த இடம் அப்படியே கிடக்கட்டும்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
மு. இ. லாபிர்
ஒன்பது கடைகளுக்காகவும்

இடம்: மாத்தளை
திகதி: 2026.05.04