பெண்கள் பக்கத்து ஸ்பீக்கர்

சாய்ந்தமருது
04.05.2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகமாக இருக்கிறா. டிவியின் சத்தத்தை மட்டும் முன்பைவிடக் கூட்டி வைக்கிறா. போனில் நீங்கள் கதைப்பது சரியாகக் கேட்கவில்லை என்று குறைப்படுகிறா.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் சவுண்ட் விஷயம் என்றால் நான் கேள்வியை முடிக்கும் முன்பே நீங்கள் பதிலைத் தொடங்கிவிடுவீர்கள். மெயிலில் அது நடக்காது.

எங்கள் பழைய மாணவிகள் சங்கம் பள்ளிக்கூடத்துக்கு, மைக் சத்தங்களைச் சேர்த்துச் சீராக்கும் ஒரு டிஜிட்டல் மிக்ஸர் வாங்கித் தரப் போகிறது. பத்தாம் வகுப்பில் ஊடகப் பாடம் எடுக்கும் இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு இதுவரை நான் மிக்ஸரைப் பலகையில் கீறித்தான் படிப்பித்தேன். ஜூலையில் பரிசளிப்பு விழா வருகிறது. இந்த முறை வெளியில் ஆள் பிடிக்காமல் பிள்ளைகளே சவுண்ட் செய்வார்கள் என்று அதிபரிடம் வாயை விட்டுவிட்டேன். "செய்து காட்டுங்க, பாப்பம்" என்றார். பிழை வந்தால் அடுத்த வருடம் என் பிள்ளைகளை மேசைக்குக் கிட்டவும் விடமாட்டார்.

கல்முனையில் தனஞ்சயனின் கடையில் இரண்டு பார்த்தேன். ஒன்று மேசை மாதிரி. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் பதினாறு வரிசையாக இருக்கின்றன. மற்றது வெறும் பெட்டி. மைக் வயர் குத்த ஓட்டைகள் மட்டும்தான். மீதி வேலை எல்லாம் டெப்பின் தொடுதிரையில். படிப்பிக்கவும் வேண்டும், விழாவும் செய்ய வேண்டும். எது நல்லம்?

மறுமொழியைச் சுருக்காமல் எழுதுங்கள்.

தங்கச்சி ஜெனூபா

தோஹா
09.05.2025

என் ரீச்சர் தங்கச்சிக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். குறுக்கே கதைக்க முடியாமல் உன் மெயிலை முழுதாக வாசித்தேன். ஹோட்டலில் ஒரு பாகிஸ்தான்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டான்.

பெட்டியை வாங்காதே. விரல் பழக வேண்டிய தொழில் இது. டெப்பில் ஒரு பிள்ளை தடவிக்கொண்டிருக்க, இருபத்தொரு பிள்ளைகள் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மண்டபம் நிறைந்து எல்லோரும் போனைக் கையில் எடுத்தால் டெப்பைப் பெட்டியோடு இணைக்கும் வைஃபை அறுந்துவிடும். அந்த நேரம் மைக் கூவத் தொடங்கினால் எதைப் பிடித்து இறக்குவாய்?

இனிச் சந்தோஷமான செய்தி. எங்கள் ஹோட்டல் பழைய சாமான்களை விற்கிறது. ஆறு வருடம் நானே தொட்டு வேலை செய்த டிஜிட்டல் மிக்ஸரை உன் பள்ளிக்கூடத்துக்கென்று வாங்கிவிட்டேன். ஃபேடர் ஒவ்வொன்றும் வெண்ணெய் மாதிரிப் போகும். அடுத்த மாதம் கார்கோவில் போடுகிறேன். சங்கத்தின் காசில் நல்ல மைக் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊரில் பதினாலு வருடம் சவுண்ட் செய்தவன் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு நம்பு.

காக்கா ஷரிபுதீன்

சாய்ந்தமருது
15.05.2025

அன்புள்ள காக்காவுக்கு,

உங்கள் மெயிலை வாசித்து அழுதேன். இனி எழுதப் போவதை எண்ணி இன்னும் கொஞ்சம் அழுதேன். அந்த மிக்ஸரை அனுப்ப வேண்டாம் காக்கா.

கோபிக்காமல் கேளுங்கள். எங்கள் மண்டபத்தில் விழா என்றால் நடுவில் நீளமாகத் திரை கட்டுவார்கள். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். சவுண்ட் மேசை எப்போதும் ஆண்கள் பக்கத்தில், கரன்ட் எடுக்கும் சுவரோடு. பதினைந்து வயதுப் பிள்ளையை அந்தக் கூட்டத்தின் நடுவில் இருக்க வைக்க எந்தத் தாய் சம்மதிப்பா? ஃபேடர் மேசை வாங்கினால் வகுப்பில் பிள்ளைகள் படிப்பார்கள், விழா அன்று வேறு யாரோ ஆண்பிள்ளைதான் அதை இயக்குவார். டெப் என்றால் என் வகுப்பு நிப்லா தாய்மாரோடு இருந்துகொண்டே செய்வாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெண்கள் பக்கத்து ஸ்பீக்கரை நீங்கள் ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? உங்கள் நிக்காஹ் அன்று மௌலவி சொன்னதில் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. திரைக்கு அப்பால் ஆமீன் என்று சத்தம் வந்ததும் நாங்களும் ஆமீன் சொன்னோம். சவுண்ட் உங்களுடையதுதான். புதிய பெட்டியில் இரண்டு பக்கத்து ஸ்பீக்கரையும் தனித்தனியாகத் திருத்தலாம் என்று தனஞ்சயன் செய்து காட்டினார். தனி ரௌட்டரும் தருகிறார், உங்கள் வைஃபைப் பயத்துக்கு.

விரல் பழக வேண்டும் என்று நீங்கள் சொன்னது சரி. அதற்கு என்ன செய்யலாம் என்று யோசிக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு,
ஜெனூபா

தோஹா
17.05.2025

ஜெனூபாவுக்கு,

பதினாலு வருடத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முறைப்பாடும் எனக்கு வந்ததில்லை. நீ படித்தவள். விரும்பியதை வாங்கு.

உம்மாவுக்கு ஸலாம் சொல்லு.

ஷரிபுதீன்

சாய்ந்தமருது
24.07.2025

அன்புள்ள காக்காவுக்கு,

இரண்டு மாதமாக உம்மாவோடு மட்டும் கதைத்துவிட்டுப் போனை வைக்கிறீர்கள். பக்கத்தில் இருந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கோபம் இருந்தால் இருக்கட்டும், இதை மட்டும் வாசியுங்கள்.

செவ்வாய்க்கிழமை விழா முடிந்தது. நிப்லா டெப்பை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். தொடக்கத்தில் குர்ஆன் ஓதிய கிராஅத் கண்ணாடி மாதிரிக் கேட்டது. எனக்குத் தலை கால் தெரியாத சந்தோஷம். பத்து நிமிடத்தில் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்தது: இங்கே ஒன்றும் விளங்கவில்லை.

காக்கா, உங்களுடைய பிழையையே நாங்களும் மறுபக்கம் இருந்து செய்துவிட்டோம். எங்கள் காதுக்கு எட்டியதை மட்டும் திருத்திவிட்டு மண்டபமே சரி என்று இருந்துவிட்டோம். மேடையில் இருந்த அதிபரின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. வயர் மாட்ட வந்த தனஞ்சயன் அந்தப் பக்கம்தான் நிற்கிறார் என்பது நல்ல வேளையாக நினைவு வந்து போன் எடுத்தேன். அவர் ஆண்களுக்கு நடுவில் நின்று கேட்டுச் சொல்ல, நான் நிப்லாவின் காதில் சொல்ல, அவள் அந்தப் பக்கத்து ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தினாள். அதிபர் பேச எழும்பி வேடிக்கையாக ஒன்று சொன்னபோது இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்தது. அடுத்த வருடமும் பிள்ளைகளே செய்யட்டும் என்று அவர் மைக்கிலேயே சொன்னார்.

நான் எழுத வந்தது இதுவல்ல. உம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். நாடகத்தின் நடுவில் என் கையைப் பிடித்து, "பிள்ளையள் கதைக்கிறது எல்லாம் விளங்குது மகள். இவ்வளவு காலமும் எனக்குத்தான் காது போயிட்டு எண்டு நெனச்சிருந்தன்" என்றா.

விழா, கலியாணம் எல்லாவற்றிலும் அவ அப்படித்தான் இருந்திருக்கிறா. யாரிடமும் சொல்லவில்லை. உங்களை நோகடிக்க இதை எழுதவில்லை. தனியாக வைத்துக்கொள்ள முடியவில்லை.

உங்கள் மறுமொழிக்குக் காத்திருக்கும்,
ஜெனூபா

தோஹா
02.08.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உம்மா சொன்னதை நாலு தரம் வாசித்தேன். எனக்கு முறைப்பாடு வராத காரணம் இப்போது விளங்குகிறது. எல்லோரும் தங்கள் காதில்தான் குறை என்று இருந்துவிட்டார்கள். உன்னோடு கதைக்காமல் இருந்தது என் வீம்பு. மன்னித்துக்கொள்.

அந்த மிக்ஸரை விற்கவில்லை. டிசம்பரில் வரும்போது கொண்டு வருகிறேன், வகுப்பில் பிள்ளைகளின் விரல் பழகட்டும். விழாவுக்கு உன் பெட்டியே இருக்கட்டும்.

இங்கே நடந்ததையும் கேள். எங்கள் ஹோட்டலிலும் கலியாணத்துக்குப் பெண்களின் மண்டபம் வேறு. ஆண்கள் உள்ளே போக முடியாது. பக்கத்து அறையில் இருந்துகொண்டு ஒன்பது வருடமாக அதற்கும் நான்தான் சவுண்ட் கொடுக்கிறேன். பொத்துவிலைச் சேர்ந்த, அறபு நன்றாகத் தெரிந்த மைமூனா என்று ஒரு பிள்ளை அங்கே தேநீர் பரிமாறுகிறா. போன வெள்ளிக்கிழமை முதல் தடவையாக அவவிடம் கேட்டேன், உள்ளே எப்படிக் கேட்கிறது என்று.

"பாட்டு கேக்கும் காக்கா. கதைக்கிறது ஒண்டும் விளங்கா. இஞ்ச அப்பிடித்தான் எண்டு நாங்க நெனச்சம்" என்றா.

நேற்றுப் பின்னேரம் கலியாணத்துக்கு முன் மணப்பெண்ணின் சாச்சி மைக்கில் ஏதோ வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தா. மைமூனாவைப் போனோடு உள்ளே நிற்க வைத்தேன். முன்னுக்கு, நடுவில், கடைசி மேசையடியில் என்று நடந்து நடந்து சொன்னா. முக்கால் மணித்தியாலம் ஆனது. என் காதுக்கு எது சரி என்று ஒரு தடவையும் பார்க்கவில்லை. கடைசி மேசையில் நின்று, "ஓம் காக்கா, இப்ப விளங்குது" என்று அவ சொன்ன பிறகுதான் ஃபேடரிலிருந்து கையை எடுத்தேன்.

உன் காக்கா
ஷரிபுதீன்