கீழ்ப்பிரிவின் கோடு

2007 பெப்ரவரி 12, திங்கள்

காலையில் இருந்தே மழை. மின்சாரம் இரண்டு தடவை போய் வந்தது. கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை.

தயாபரன் வந்திருந்தார். பதுளையில் பிள்ளைகளின் உணவுத் திட்டத்தை நடத்தும் அமைப்பின் இணைப்பாளர். யாழ்ப்பாணத்துக்காரர். வேகமாகப் பேசுவார், தேநீரை மட்டும் ஆறவிட்டுக் குடிப்பார். அவர்களுடைய காரியாலயத்தில் விலை கொடுத்து வாங்கிய புள்ளிவிபர மென்பொருள், உரிமக் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லி நின்றுபோய்விட்டதாம்.

“டீச்சர், நீங்கள் ஏதோ காசில்லாத சாமான் ஒண்டு வைச்சிருக்கிறீங்களாம். அதில செய்து தரேலுமோ?”

“காசில்லாததுதான். மட்டமானது இல்ல” என்றேன்.

ஆர் என்று ஒற்றை எழுத்துப் பெயர் அதற்கு. பேராதனையில் படிக்கும் நிஷாந்தினி போன வருடம் குறுந்தட்டில் பதிந்து கொடுத்தாள். உலகத்தின் பல மூலைகளில் இருந்து பலர் எழுதிச் சேர்த்து, உள்ளே இருப்பதை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். சமையலறைக் கதவைத் திறந்து வைத்திருக்கும் சாப்பாட்டுக் கடை மாதிரி. என்ன போட்டார்கள் என்று எட்டிப் பார்க்கலாம், விருப்பமானால் நாமே கரண்டியை வாங்கிக் கிளறலாம். திறந்ததும், ‘இதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை’ என்று அதுவே சொல்லிவிடும். ஆயுள் முழுக்கக் கணிதம் படிப்பித்த எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

வேலை இதுதான். பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இரண்டு பிரிவுகள். தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பரா இரண்டிலும் இருக்கிறது. இதுவரை இரண்டிலும் மதியச் சோறு கொடுத்தார்கள். ஏப்ரலில் இருந்து ஒன்றில்தான். எடை குறைந்த பிள்ளைகள் எங்கே கூடவோ அங்கே. மற்றதில் நிறுத்திவிடுவார்கள்.

கீழ்ப்பிரிவுக் காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பிரசாந்தினி, என் அக்காவின் மகள். தயாபரனிடம் இதை முதலிலேயே சொன்னேன்.

“அதுக்கென்ன டீச்சர், இலக்கத்துக்குச் சொந்தக்காரர் இருக்கோ?” என்று சிரித்தார்.

பெப்ரவரி 15

இரண்டு காம்பராவிலும் நிறுத்து எழுதி அனுப்பிய எடைகள் எல்லாவற்றையும் தட்டெழுதி முடித்தேன். என் புதுக் கண்ணாடி இரவல் கண்ணாடி மாதிரிக் கண்ணோடு ஒத்துவரவில்லை.

பெப்ரவரி 19

கீழ்ப்பிரிவு மிக மோசம். சந்தேகத்துக்கே இடமில்லாத வித்தியாசம். தயாபரனிடம் சொன்னேன். அவர் அதே சூட்டில் கொழும்புத் தலைமையகத்துக்கும் சொல்லி, தோட்டத்துக்கும் சொல்லிவிட்டார்.

மாலையில் பிரசாந்தினி தொலைபேசியில். பின்னால் ஒரே சத்தம். “சின்னம்மா! இங்க கோயில்ல பொங்கல் வைக்கப் போறோம். மாரியாயி அக்கா ஒங்க பேருக்கு அர்ச்சனை பண்ணணும்னு நிக்குது. ஒங்க நட்சத்திரம் என்ன?”

நான் ஒன்றும் செய்யவில்லையே என்றேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை.

பெப்ரவரி 22

அறிக்கையில் ஒரு படம் சேர்க்கலாம் என்று நினைத்தேன். வயது கூடக்கூட எடை எப்படிக் கூடுகிறது என்று இரண்டு பிரிவுக்கும் இரண்டு கோடுகள். எப்படி ஒரே படத்தில் கீறுவது என்று தெரியாமல், ஆர் பாவிப்பவர்களின் மின்னஞ்சல் குழுவில் கேட்டிருந்தேன். முகம் தெரியாத யாரோ எழுதி அனுப்பியிருந்தார். கீறினேன்.

கீறியிருக்க வேண்டாமோ?

இரண்டு கோடுகளும் தண்டவாளம் மாதிரிப் போகின்றன. தவழும் பிள்ளையிலும் அதே இடைவெளி, பள்ளிக்கூடம் போகப்போகும் பிள்ளையிலும் அதே இடைவெளி. ஐந்து நிமிடம் பிந்திய கடிகாரம் காலையிலும் ஐந்து நிமிடம்தான் பிந்தும், மாலையிலும் ஐந்து நிமிடம்தான். அது முள்ளைத் திருப்பி வைத்ததில் வந்த பிழை. பழுதான கடிகாரம் அப்படி ஓடாது. ஓடும், நிற்கும், திரும்ப ஓடும்.

பசி எல்லாப் பிள்ளையிடமும் ஒரே அளவாக எடுக்காது.

பெப்ரவரி 23

இடைவெளி இரண்டு கிலோ. எங்கே பார்த்தாலும் இரண்டு கிலோ.

பெப்ரவரி 25, ஞாயிறு

பசறை பஸ்ஸில் போய் இறங்கிக் கீழ்ப்பிரிவுக்கு நடந்தேன். ஞாயிறு என்றாலும் கைக்காசுக்கு, அன்றைய கூலியை அன்றே கையில் வாங்கிக்கொண்டு, கொழுந்து எடுக்கும் நாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு தொங்க, பெண்கள் சாக்குகளோடு வரிசையில் நின்றார்கள். கணக்கப்பிள்ளை ரெங்கசாமி நிறுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“பதினெட்டு!”

நான் பக்கத்தில் போய் நின்றேன். முள் இருபதில் நின்றது.

“ரெங்கசாமி, முள்ளு இருபதுல நிக்குது. நீங்க பதினெட்டுங்கிறீங்க?”

“வாங்க டீச்சர். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவுங்க. தொரமாரு காலத்துல இருந்தே உள்ளதுதான்.”

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இருந்தாலும் கேட்டேன். “பிள்ளைகள நிறுத்ததும் இதுலதானா?”

“ஆமாங்க. மருத்துவச்சியம்மா தராசு ஒடஞ்சு கெடந்துச்சு. சேலையத் தொட்டிலா மாட்டி இதுலதான் நிறுத்தோம். நான் கூப்பிட்டேன், ஒங்க அக்கா பொண்ணு எழுதுச்சு.”

“அப்பவும் கழிச்சீங்களா?”

“கழிக்காம எப்படிங்க? சேல இருக்குல்ல.”

காம்பராப் பக்கம் இருந்து வந்த பிரசாந்தினியின் முகம் மாறிவிட்டது. “மாமா! சேலைய மாட்டிட்டு முள்ளப் பூச்சியத்துக்குத் திருப்பினேனே! கழிக்க வேணாம்னு ஒங்ககிட்டச் சொன்னேனே!”

“நீ சொன்ன புள்ள. வாய் கேக்கணுமே. முள்ளப் பாத்தா அதுவாக் கொறச்சுத்தான் கூப்பிடுது.”

வரிசையில் சிரிப்பு. மாரியாயி சாக்கை இறக்கி வைத்தாள். அவளுடைய சுபாஸுக்கு மூன்று வயது, காம்பராவில்தான் வளர்கிறான். “கொழுந்துல கழிச்சுக் கழிச்சு எங்க வயித்துல அடிச்சாரு. இப்பப் புள்ளையில கழிச்சுச் சோறு வாங்கிக் குடுத்துட்டாரு. விடுங்க டீச்சர், ஒரு தடவையாச்சும் கழிவு நம்ம பக்கம் சாஞ்சுச்சே!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு மாரியாயி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தாள். “கணக்கத் திருத்திருவீங்களா?”

முதலில் நிறுத்துப் பார்ப்போம் என்றேன்.

மேற்பிரிவில் இருந்து தராசு ஒன்று இரவல் வாங்கி வரச் செய்து, அங்கே நின்ற ஐந்தாறு பிள்ளைகளைத் திரும்ப நிறுத்தோம். ஒவ்வொரு பிள்ளையிலும் அதே வித்தியாசம். பிரசாந்தினி என் முகத்தைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே இருந்தாள். பஸ் வரை வந்து வழியனுப்பவும் இல்லை.

பெப்ரவரி 26

இரண்டு கிலோவைக் கூட்டிப் பார்த்தேன். பார்க்க மட்டும்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டு.

மேற்பிரிவுதான் மோசம். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் மேற்பிரிவுதான்.

தயாபரனிடம் போனேன். எல்லாப் பிள்ளைகளையும் மறுபடி நிறுக்க முடியாதா என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை கொழும்பில் கடைசி நாளாம்.

“டீச்சர், முடிவைச் சொல்லியாச்சு. இனி ஆரும் திரும்பிப் பாக்கப் போறாங்களோ? கீழ்ப்பிரிவிலயும் பிள்ளையள்தானே இருக்குதுகள். அப்படியே விடுங்கோவன்.”

“மேற்பிரிவுலயும் பிள்ளைகள்தான்.”

“உங்கட பெறாமகளின்ர வேலைக்கு நீங்களே உலை வைக்கிறீங்கள்.”

அவர் கெட்டவர் இல்லை. இரண்டு இடத்துக்கும் கேட்டுப் பார்த்தவர்தான். பணமெல்லாம் யுத்தம் நடக்கிற பக்கம் போகிறது, மலைநாட்டை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்று கடைசியில் தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்.

பெப்ரவரி 27

கீழ்ப்பிரிவுப் பிள்ளைகளின் பெயர்கள் எனக்குத் தெரியும். மேற்பிரிவில் ஒரு பெயரும் தெரியாது. அதனால் அந்தப் பிள்ளைகளுக்குப் பசிக்காதா?

பெப்ரவரி 28

சரி, விட்டுவிடுவோம் என்று வை. யாருக்குத் தெரியும்? ரெங்கசாமி சொல்ல மாட்டார். மாரியாயி சொல்ல மாட்டாள். தயாபரன் நிச்சயம் சொல்ல மாட்டார். ஆனால் நான் அனுப்பப்போவது முடிவை மட்டும் இல்லையே. எடைகள், கட்டளைகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அனுப்புகிறேன். கொழும்பில் யாராவது ஒரு பிள்ளை அதே இலவச மென்பொருளை வைத்துக்கொண்டு அதே கோட்டைக் கீறினால்? இடைவெளியைக் கண்டுபிடித்தால்? அதற்குப் பிறகு இந்தத் தோட்டத்தில் இருந்து போகும் எந்த இலக்கத்தையும் நம்ப மாட்டார்கள்.

இது பயத்தில் எழுதுவதா, நியாயத்தில் எழுதுவதா? இரண்டும்தான் போலிருக்கிறது. ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டாலும் மேற்பிரிவில் சட்டி காலியாகத்தான் இருக்கும்.

மார்ச் 1, வியாழன்

ஒரு வரி சேர்த்தேன். கீழ்ப்பிரிவு எடைகளோடு இரண்டைக் கூட்டு என்று. அதற்கு மேலே இயந்திரம் வாசிக்காத, மனிதர் மட்டும் வாசிக்கிற குறிப்பு வரி: தராசில் பழக்கத்தினால் கழித்த சாக்குக் கழிவு இங்கே திரும்பச் சேர்க்கப்படுகிறது. என் பெயரையும் போட்டேன்.

அனுப்பினேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

மார்ச் 9

கொழும்பின் முடிவு வந்தது. மேற்பிரிவு.

மார்ச் 11

பிரசாந்தினி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“நெசந்தானா சின்னம்மா? நீங்களே எழுதிக் குடுத்தீங்களா?”

“நானேதான்.”

“ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் குடுத்தீங்க. வீட்டுக்குன்னு ஒரு தடவ கண்ண மூட முடியலையா?”

பூச்சியத்தைத் திருப்பியது நீ, சரியாகத்தானே செய்தாய் என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த நேரத்தில் அதை யார் கேட்பார்?

“நாளைக்கு அந்தப் பிள்ளைக தட்ட எடுத்துக்கிட்டு வந்து நிக்கும். நீங்க வந்து சொல்லுங்க, சராசரி கூடிருச்சு, போய்ப் படுங்கன்னு.”

கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அதுதான் தாங்கவில்லை.

ஏப்ரல் 2

இன்றிலிருந்து கீழ்ப்பிரிவில் சோறு இல்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. யாரும் வரவில்லை.

மே 20

சந்தையில் ரெங்கசாமியைக் கண்டேன். வெலிமடைக் கரட் வாங்கிக்கொண்டிருந்தார். காம்பரா திறந்துதான் இருக்கிறதாம். அமைப்பு கொடுத்த பங்கு நின்றுவிட்டதால் தோட்டம் கொடுக்கும் அரைச் சம்பளத்தில் பிரசாந்தினி இருக்கிறாள். பிள்ளைகள் வீட்டிலிருந்து ரொட்டித்துண்டு கொண்டுவருகின்றன. கொண்டுவராததுகள் கொண்டுவந்ததுகளைச் சுற்றி நிற்கின்றன.

“எம்மேல ஒங்களுக்குக் கோவமாங்க?” என்று கேட்டார்.

“ஒங்க மேல இல்ல.”

“அப்ப யாரு மேலங்க?”

யார் மேல்?

யூன் 18

ஆஸ்பத்திரி வாசலில் மாரியாயி. சுபாஸுக்கு வயிற்றோட்டம், நேற்றிலிருந்து பிள்ளைகள் வாட்டில். உள்ளே போய்ப் பார்த்தேன். தோள் எலும்பு சட்டைக்குள்ளே தெரிந்தது. கையைக் கொடுத்தேன், விரலைப் பிடித்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் மாரியாயி சத்தம் போடவில்லை. தலையைக் குனிந்தபடி கேட்டாள். “நீங்க கூட்டுன ரெண்டு கிலோவ எங்க டீச்சர் காணோம்?”

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது.

யூன் 19

நான் செய்தது சரி. நான் செய்தது சரி. — அப்படியென்றால் ஏன் இரண்டு தடவை எழுதுகிறேன்?

யூன் 25

சுபாஸ் வீட்டுக்குப் போய்விட்டான். தயாபரனிடம் போய்க் கீழ்ப்பிரிவுக்குத் திரும்பக் கேட்டேன். “வெறும் வாயால கேட்டால் கொழும்பில எடுபடாது டீச்சர். ஏதாவது புதுசாக் காட்டோணும்.” பிரசாந்தினிக்கு இதை எழுதிப் போட்டேன். பதில் இல்லை.

ஒக்டோபர் 14, ஞாயிறு

மத்தியானம் கதவு தட்டும் சத்தம். பிரசாந்தினி. மழையில் நனைந்து, ஒரு பொலித்தீன் பையை மார்போடு அணைத்தபடி.

“மருத்துவச்சியம்மாவுக்குப் புதுத் தராசு வந்துருக்கு. எங்க பிள்ளைக எல்லாத்தையும் நிறுத்துட்டேன். இதப் போடுங்க சின்னம்மா.”

கடதாசிகளை விரித்தேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு எடை, இரண்டு கையெழுத்து. ஒன்று அவளுடையது. மற்றது, கோணல்மாணலாக, மாரியாயியுடையது.

“ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாக்காம முள்ளப் பாத்து எழுதினோம். ரெங்கசாமி மாமாவ அந்தப் பக்கமே விடல. வாசல்ல நின்னு எட்டிப் பாத்துச்சு, வாயத் தொறக்காதீங்கன்னுட்டோம்.”

எவ்வளவோ மாதத்துக்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

அவள் வாசிக்க நான் தட்டெழுதினேன். கோட்டைக் கீறினேன். இந்தத் தடவை தண்டவாளம் இல்லை. கைப்பிள்ளைகளிடம், பெப்ரவரியில் கீறிய மேற்பிரிவுக் கோட்டோடு ஒட்டிப்போகிறது. இரண்டு வயது தாண்டியதும் பிரிந்து கீழே இறங்குகிறது. போகப்போக இன்னும் இறங்குகிறது.

அவளே சொன்னாள். “பால் குடிக்கிறதுக தப்பிச்சிருச்சுக. சோறு திங்கிற வயசுதான் எறங்குது.”

எங்காவது ஓரிடத்தில் பிழையாகத் தட்டியிருப்பேன் என்று தொடக்கத்தில் இருந்து சரிபார்த்தேன். திரும்ப ஓட்டினேன். இன்னொரு தடவையும் ஓட்டினேன். வாழ்க்கையில் ஒரு நாளும் பிழைக்காக இப்படி ஏங்கியதில்லை.

“போதும் சின்னம்மா” என்றாள். “அனுப்புங்க.”

ஒக்டோபர் 29

தயாபரன் தொலைபேசியில் பேசினார். எந்தத் தராசு, யார் நிறுத்தது என்று கொழும்பில் ஒருவரும் கேட்கவில்லையாம். கழிவைப் பற்றி மார்ச்சில் நான் எழுதிய குறிப்பையும் வாசித்திருக்கிறார்களாம். வேறொரு விஷயம்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“டீச்சர், இந்த மழைக்குள்ள கீழ்ப்பிரிவு வரைக்கும் லொறி போகுமோ? அரிசியை எங்க இறக்கிறது?”

பிரசாந்தினியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.